சந்திரம்மாள் வைத்த கைநாட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. இது கட்டுக்கதை இல்லை. ஏப்ரல் 27, பகல் 1.10 மணி, மண்டையைப் பிளக்கிற வெயிலில், திருவண்ணாமலை ரூக்ஸாருக்கு நடந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இட்டுக்கட்டிப் பேச வராது. இப்போதும் பகல் ஒரு மணிக்கு அவளைத் தனியாக விட முடியாது.

அவளுடைய அப்பா ஜியாவுல்லா சாமியானா, சேர் வாடகைக்கு விட்டவர். மாசியில் காலமானார். சாமான்களை விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைப் பங்கு வைக்கும் பொறுப்பைத் தம்பி கலீமுல்லா பேரில் எழுதிவைத்திருந்தார். அடக்கத்தன்று கலீமுல்லா எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"எங்க அண்ணன் யாருக்காச்சும் பாக்கி வச்சிருந்தா என்னைக் கேளுங்க. நான் பொறுப்பு."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையைப் பார்த்தவர்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

கடன் ஒன்றே ஒன்றுதான். அடி அண்ணாமலை கிராமத்துச் சந்திரம்மாள் தன் ஆடுகளை விற்று, சேர் வாங்கக் கொடுத்த எண்பதாயிரம். சீட்டு, சாட்சி எதுவும் கிடையாது. கடனோடு போனவருக்கு மண்ணுக்குள்ளும் நிம்மதி இல்லை என்பது ரூக்ஸார் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ஒன்று, பணம் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் கொடுத்தவர் தன் வாயால் 'விட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும். பங்கு எவ்வளவு வரும் என்று அவள் கேட்கவே இல்லை. அப்பா நிம்மதியாகக் கிடக்கிறாரா என்பதுதான் அவளை அரித்தது.

கேட்கும்போதெல்லாம் சாச்சா, அதாவது சித்தப்பா கலீமுல்லா, "ஆகட்டும் ஆகட்டும்" என்றார். ஒருநாள் ரசீதை நீட்டினார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஊதா மையில் கைநாட்டு. தேதி ஏப்ரல் 9.

"போதுமா? உனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. கணக்கு முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடு."

அவள் போடவில்லை. அந்த அம்மாள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நிழல் இருந்த இடமெல்லாம் நாய்கள் படுத்திருந்தன. சந்திரம்மாள் வீட்டு வேப்பமரத்தடியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. போனில் மணி பார்த்தாள். 1.10.

"யாரு, பாய் பொண்ணா? வா. நீ வருவேன்னு சொன்னாரு."

உள்ளே இருட்டு. சந்திரம்மாள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முடி ஈரமாக இருந்தது. நுனியிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு. கால்விரலில் ஏதோ துணிக்கட்டு. பாவம், புண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க சாச்சா வந்தாருங்களா?"

"வந்தாரு. கைநாட்டு வாங்கினாரு."

"பணம் குடுத்தாரா?"

சொட்... சொட்...

ரூக்ஸார் எதிரே மண்டியிட்டாள். "என் சம்பளத்துல மாசாமாசம் நான் கட்டிடறேங்க. நீங்க விட்டுட்டேன்னு மட்டும் சொல்லுங்க. எங்க அப்பாவுக்காக."

"முன்னாடியே கேட்டிருக்கணும்மா. இப்ப சொன்னா செல்லுமா?"

குரல் வந்தது. உதடு அசையவில்லை.

"உங்க அப்பாவும் இதையேதான் கேக்கறாரு. தினம் வந்து நிக்கறாரு. இப்பக்கூட..."

முதுகுக்குப் பின்னால் கற்பூர வாசனை. அப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரின் வாசனை.

அவள் திரும்பவில்லை.

"பணம் வந்துச்சும்மா... ஒரு ரூபா."

விரல் மெல்ல எழுந்து நெற்றியைத் தொட்டது.

அது பொட்டு இல்லை.

நாணயம்.

காலில் புண்ணும் இல்லை. இரண்டு பெருவிரல்களையும்... சேர்த்துக் கட்டியிருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மணி 1.16. பக்கத்து வீட்டு அருணாதேவி அவளைத் தெருவிலிருந்து தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மாள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"அந்தம்மா செத்துப் பதினெட்டு நாள் ஆச்சே! ஒம்போதாந் தேதி விடிகாலைல போயிட்டாங்க. நான்தான் குளிப்பாட்டினேன்."

"எங்க சாச்சா... வந்தாரா?"

"கலீம் பாயா? மால வாங்கினு வந்தாரு. நாங்கல்லாம் வெளில பாடை வேலையா இருந்தோம். அவரு மட்டும் பக்கத்துல உக்காந்து அழுதுனு இருந்தாரு. அவரு போனப்புறம் பாத்தா, அந்தம்மா கட்டைவிரல்ல ஊதா மை. எப்படி வந்துச்சுன்னே தெரில. தேய்ச்சுப் பாத்தேன், போவல."

ரூக்ஸாருக்கு அழுகைகூட வரவில்லை. அப்பாவின் கடனை வாங்கிக்கொள்ளவோ விட்டுக்கொடுக்கவோ அந்த அம்மாளின் ரத்தத்தில் ஒருவராவது மிச்சமிருக்க வேண்டும். அதை மட்டும் கேட்டாள்.

"அவங்களுக்குப் புள்ளைங்க, சொந்தக்காரங்க... யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. ஊரே சேந்துதான் எடுத்தோம். கொள்ளி வைக்கக்கூட ஆள் இல்ல."