அம்மாவின் திறப்புக்கோர்வை

போஸ்ட்-பங்க் இசை என்றால் என்னவென்று பேருந்தில் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். பேஸ் கிட்டார் முன்னால் ஓடும், பாடுகிறவன் எங்கோ பின்னால் நின்று பாடுவான், ஒரு பாட்டும் சந்தோஷமாக இருக்காது, ஆனாலும் ஆடலாம். நாங்கள் குடியிருக்கும் லின்ஃபீல்டிலிருந்து நகர மையம் வரும்வரை நான் வாய் மூடவில்லை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவின் அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிற பாடகனின் கதை படமாக வந்திருக்கிறது என்றதும், தானும் வருவதாக அவரேதான் சொன்னார். அண்ணாவின் ஆண்டுத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை நாங்கள் சொன்னதில்லை, மயக்கம் என்போம். நாளைக்குத் தங்கைக்குக் கலியாணம் பேசும்போது கதை வந்துவிடுமே. அந்தத் தங்கை நான். வலிப்பு வந்தால் அம்மா வீட்டுத் திறப்புக்கோர்வையை, அந்தச் சாவிக்கொத்தை, அவன் கைக்குள் வைத்து விரல்களை மூடுவார். இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். அதெல்லாம் வேண்டாம், சரித்துப் படுக்கவைத்தால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு, சரித்துப் படுக்கவைத்துவிட்டுத் திறப்பையும் வைத்தார்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டுக்கு மாறியபோது, கூட இருந்த பெடியன்களுக்கும் அண்ணா சொல்லவில்லை. வீட்டுப் பழக்கம். ஒரு காலை அவன் அறைக் கதவு திறக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா 'ஹார்ட்' என்றார்.

பகல் காட்சி. அரங்கில் ஏழெட்டுப் பேர்தான். படத்தின் பாதியில், பாடிக்கொண்டிருந்தவன் மேடையிலேயே விழுந்து துடித்தான். கீழே நின்ற கூட்டம் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து ஆரவாரம் செய்தது. எனக்குப் பக்கத்தில் கைப்பை ஸிப் திறக்கும் சத்தம். அம்மா திறப்புக்கோர்வையை எடுத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி எழுந்து நின்றார். நான் கையைப் பிடித்து இருத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, பாடகன் இறந்து படம் முடியும்வரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்.

"அந்தப் பெடியன்ர தாய் சனத்துக்கு என்னெண்டு சொன்னவவாம்?"

அந்தக் குழுவின் ஒவ்வொரு இசைத்தட்டைப் பற்றியும் நான் மணிக்கணக்கில் கதைப்பேன். இது எனக்குத் தெரியவில்லை. படத்தில் தாய் வந்ததே கொஞ்சம்.

திரும்பும் பேருந்தில், கோயிலில் பழக்கமான ஒரு மாமி திவசத்துச் சமையல் பற்றிக் கேட்க அம்மாவுக்கு ஃபோன் எடுத்தார். அம்மா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இந்த வயதில் ஹார்ட்டா என்று மாமி வழக்கம்போலத் தொடங்கியிருக்க வேண்டும்.

"ஹார்ட் இல்லை அக்கா. வலிப்பு. சின்னனிலயிருந்து இருந்தது."

மறுபக்கத்தில் நீளமாக ஏதோ சொல்லப்பட்டது.

"என்ர மகளுக்கு வாறவன் அதைக் கேட்டிட்டே வரட்டும்" என்று அம்மா ஃபோனை வைத்தார்.

லின்ஃபீல்டில் இறங்கி நடந்தோம். வீட்டு வாசலில் திறப்புக்காக என்னிடம் கை நீட்டியபோதுதான் சொன்னார்.

"அந்த ஃபிளாட்டுப் பெடியளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம், என்ன?"