பச்சைக்கறிக்குப் பழகிய நாய்கள்

கோவிந்தராஜுலு சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சோளக்காட்டைச் சைட்டாகப் பிரித்து விற்றபோது ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். ரோடு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் நட்டாயிற்று, வீடுகள்தான் வரவில்லை. அவர் வீட்டைச் சேர்த்தால் ஏழெட்டு இருக்கும். மற்றதெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை. மனைவி ரங்கநாயகி இறந்தபின் அந்த வீட்டில் அவரும் மணி என்ற நாயும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகன் அருண்குமார் பெங்களூரில் வேலையாக இருந்தான்.

மணி செவலை நிறத்து நாட்டு நாய். ரங்கநாயகி கையால் பால்சோறு தின்று வளர்ந்தது. அவள் போனபின் அதற்குச் சொறி பிடித்து, முதுகில் மயிர் கொட்டி, தோல் செதில் செதிலாக உரிந்தது. ஊசி போட்டும் எண்ணெய் தடவியும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அருண்குமார் ஒரு வீடியோ அனுப்பினான். நாய்க்கும் பூனைக்கும் வேகவைக்காத கறிதான் இயற்கை உணவு, சோறும் பாலும்தான் அவற்றைக் கெடுக்கின்றன என்று ஒருவர் அதில் விளக்கிச் சொன்னார்.

சூலூர் பஸ் ஸ்டாண்டை அடுத்து முகமது ரியாஸ் கோழிக்கடை வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். கோவிந்தராஜுலு போய் விஷயத்தைச் சொன்னதும், கழுத்தும் ஈரலும் கொஞ்சம் எலும்புமாகப் பையில் கட்டிக் கொடுத்தான்.

முதல் நாள் மணி தட்டை முகர்ந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. தின்னலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. “தின்னுடா” என்றார். பிறகு எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் ஓர் உயிர் ஆசையோடு சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அது தட்டை நக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் மணிக்கு மயிர் முளைத்துப் பளபளவென்று ஆனது.

வாசனை காலி மனைகளுக்குள் போயிருக்க வேண்டும். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே பால்மடி தொங்க ஒரு வெள்ளைப் பெட்டை நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மனசு கேட்காமல் ஒரு துண்டு போட்டார். அடுத்த நாள் அதனோடு காது அறுந்த கறுப்புக் கடுவன் ஒன்று வந்தது. அப்புறம் இன்னும் சில வந்தன. வெள்ளச்சி, காதறுந்தான் என்று சிலவற்றுக்குப் பேர் வைத்தார். பிறகு பேர் வைத்து மாளவில்லை. ரியாஸ் அன்றாடம் வெட்டும் கோழிகளின் தலை, கால், குடல் எல்லாவற்றையும் ஒரு பெயின்ட் வாளியில் போட்டு மூடி வைத்துவிடுவான். அதைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை அவனுக்கு மிச்சமாயிற்று. காலை பத்து மணிவாக்கில் கோவிந்தராஜுலுவின் எக்ஸெல் வண்டி லேஅவுட் முனையில் திரும்பும்போதே நாய்கள் புதரை விட்டு எழுந்து வரும். வண்டியின் இரு பக்கமும் ஓடிவரும். மில்லில் இத்தனை வருஷம் வேலை செய்தும் யாரும் அவரை இப்படி எதிர்கொண்டு அழைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

லேஅவுட்டின் கடைசியில், வேலிக்கு அந்தப் பக்கம், சின்னாத்தாள் வெள்ளாடு வளர்த்தாள். கணவனை இழந்தவள், ஐம்பது தாண்டியிருக்கும். தகரக் கூரையும் நைலான் வலையுமாக ஒரு பட்டி போட்டிருந்தாள். ஒரு நாள் ஆடு ஓட்டிப்போகும் வழியில் நின்று, வாளியிலிருந்து அவர் அள்ளிப்போடுவதைப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, அதுகளுக்குச் சோறு போடுங்க. இல்லாட்டி வேகவெச்சாவது போடுங்க. பச்சைக்கறி போட்டா ருசி கண்டுபோடுமுங்க.”

“நாய்க்கு அதுதான் அம்மணி இயற்கை. பாரு, எப்படித் தெளிஞ்சிருக்குதுன்னு.”

“தெளிஞ்சுதானுங்க இருக்குது” என்றாள். நாய்கள் தலையைத் தூக்கி அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கோலால் ஒரு தட்டுத் தட்டி ஆடுகளை வேகமாக ஓட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு சில சங்கதிகள் நடந்தன. அவர் கண்ணிலும் பட்டன. காலி மனைகளில் விடிந்ததும் அகவுகிற மயில்களின் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. புதருக்குள் நீல இறகுகள் சிதறிக்கிடந்தன. பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனது. பால்காரர் லேஅவுட்டுக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே நின்று போன் செய்தார். முன்பெல்லாம் புது ஆள் வந்தால் நாய்கள் குரைக்கும். இப்போது எழுந்து நின்று பார்த்தன, அவ்வளவுதான். மயிலுக்கு மழை இல்லை, பூனை வேறு வீடு தேடிப் போயிருக்கும், பால்காரர் சோம்பேறி என்று ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

புரட்டாசி பிறந்தது. கோவிந்தராஜுலு வீட்டில் பெருமாள் பக்தி உண்டு. ரங்கநாயகி அந்த மாதம் முழுக்க வீட்டில் முட்டைகூட வைக்கவிடமாட்டாள். அவளுக்காகவாவது விரதத்தை விடக்கூடாது என்று இருந்தார். மாதம் முடியும் வரை கறியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். ரியாஸிடம் சொன்னபோது அவனும் தலையாட்டினான்.

“புரட்டாசில யாவாரமே இல்லீங்கண்ணா. வெட்டுனாத்தானுங்களே கழிவு வரும்.”

முதல் நாள் பெரிய குண்டான் நிறையத் தயிர்சோறு பிசைந்து, வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே வைத்தார். நாய்கள் வந்தன, முகர்ந்தன, பின்வாங்கி உட்கார்ந்துகொண்டன. பசித்தால் தின்னும் என்று உள்ளே போனார். சாயங்காலம் பார்த்தபோது சோறு காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. நாய்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தன. மறுநாள் பாலில் பிரெட் ஊறவைத்தார். மூன்றாம் நாள் பருப்புச் சாதம் வைத்தார். மணியும் தின்னவில்லை. தட்டை மூக்கால் தள்ளிவிட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் சனிக்கிழமை காரமடைக் கோயிலுக்குப் போய்வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது நல்ல மழை. கேட்டருகில் ஒரு நாயைக்கூடக் காணவில்லை. ஈரத்துக்கு ஒதுங்கியிருக்கும் என்று நினைத்தார். உள்ளே மணியையும் காணோம். சுவரின் மேல் ஈரச் சேற்றில் அதன் நகக்கீறல் இருந்தது.

மழை விட்டபோது நாய்கள் திரும்பி வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் நடந்து வந்தன. வயிறுகள் திம்மென்று இருந்தன. மணி சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்து அவர் காலடியில் படுத்தது. மழை அதன் உடம்பைக் கழுவியிருந்தது. வாய் ஓரத்தில் மட்டும் கறுப்பு மயிர்க்கற்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் வேலிப் பக்கமிருந்து சின்னாத்தாளின் குரல் வந்தது. அழுகை மாதிரி இல்லை, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அவள் ஆடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிரஷர் மாத்திரை வாங்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் நடந்துவிட்டது. வலை கிழிந்து தொங்கியது. பட்டியில் பாதிக்கு மேல் செத்துக்கிடந்தன. தின்றதைவிடக் கடித்துப் போட்டதே அதிகம். கழுத்தில் பல் பதிந்த சினையாடு ஒன்று நிற்க முயன்று முயன்று விழுந்தது. சுற்றுப்பட்டில் ஒருவருக்கும் ஒரு குரைப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. சிறுத்தை வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, வனத்துறைக்காரர்கள் வந்து சேற்றுத் தடத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

“சிறுத்தையெல்லாம் இல்லீங்க. நாய்தான். கூட்டமா வந்திருக்குது” என்றார் ஒருவர்.

“கறியில மருந்து வெச்சுப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். கோவிந்தராஜுலு குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நெற்றியில் காலையில் இட்ட நாமம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி மணியைக் கட்டப் போனபோது அதன் கழுத்தில் பட்டையைக் காணோம். சங்கிலியையே கழுத்தில் சுற்றிக் கட்டினார்.

மறுநாள் காலை சின்னாத்தாள் வீட்டுக்குப் போனார். பிழைத்துக்கொண்ட ஆட்டின் காயத்துக்கு அவள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பட்டி வாசலிலேயே நின்றார்.

“அம்மணி… எங்க நாய்களும்…”

“தெரியுமுங்க.” அவள் நிமிராமலே சேலைத் தலைப்பை அவிழ்த்து ஒரு சிவப்புப் பட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். மணியின் கழுத்துப்பட்டை. “பட்டிக்குள்ள கெடந்துச்சு. ஆளுக வரதுக்குள்ள எடுத்துச் சொருகிப்போட்டேன்.”

“ஏம்மா சொல்லலை?”

“சொன்னா மருந்து வெப்பாங்க. மருந்துன்னா நாயி மட்டுமா சாவும்? அது சிந்துன புல்லுல மேயப்போற என்ற ஆடும்தானுங்க வாய வெக்கும்.”

அவர் குனிந்து பட்டையை எடுத்துக்கொண்டார். “இனி அதுகளுக்குக் கறியே கிடையாது அம்மணி. சத்தியமா நிறுத்திட்டேன்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

“நிறுத்துனதாலதானுங்களே இது! போடுங்க. இன்னைக்கே போடுங்க.”

“புரட்டாசி நடக்குதேம்மா…”

“அதுகளுக்கு மாசம் தெரியுமுங்களா?”

நேராக ரியாஸ் கடைக்குப் போனார். கழிவு ஒரு கைப்பிடிதான் இருந்தது. முழுக்கோழியாக உரித்து வாங்கிக்கொண்டார். நாமம் போட்ட நெற்றியோடு கல்லாவுக்கு முன்னால் நின்ற அவரை ரியாஸ் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கோழிகளைக் கட்டிக் கொடுத்தான். அன்று வண்டியின் இரு பக்கமும் நாய்கள் ஓடிவந்தபோது கோவிந்தராஜுலு கால்கள் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே பேரூராட்சி வண்டி வந்து வலைபோட்டுச் சிலவற்றைப் பிடித்துப்போனது. அவர் உள்ளுக்குள் பெருமாளுக்கு நன்றி சொன்னார். சில நாள் கழித்து அதே வண்டி அதே இடத்தில் நின்று கதவைத் திறந்துவிட்டது. கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு வெட்டியிருந்தார்கள்.

“புடிச்ச எடத்துலயே விடணுங்க. அதான் சட்டம்” என்றார் வண்டிக்காரர்.

கறியோடு சோற்றைக் கலந்து, நாளுக்கு நாள் சோற்றைக் கூட்டிப் பழக்கிவிடலாம் என்று பார்த்தார். நாய்கள் கறியை மட்டும் பொறுக்கித் தின்று, சோற்றுப் பருக்கைகளைக் கழுவி வைத்ததுபோல் விட்டுப்போயின. வேகவைத்துப் போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலமே காதறுந்தானும் வேறு இரண்டும் சின்னாத்தாள் வேலியோரம் உட்கார்ந்திருந்தன. மறுநாள் பச்சையாகவே போட்டார். மணிக்குத் தட்டு வைக்கும்போது முன்போல் பக்கத்தில் உட்காருவதில்லை. தட்டைக் கோலால் தள்ளிவிடுவார். ஒரு தடவை கையால் வைத்தபோது அது பல்லைக் காட்டி உறுமியது.

கார்த்திகையில் பெங்களூரில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். அவர் போகவில்லை.

“நாய்க்காகவாப்பா வரமாட்டேங்கறீங்க?” என்று போனில் அருண்குமார் கத்தினான்.

“நாய்க்காக இல்லடா” என்றார். போனை வைத்துவிட்டார்.

மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூட்டு மூட்டாக வலி, கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. வழக்கமான நேரத்துக்கு நாய்கள் வந்து உட்கார்ந்தன. குரைக்கவில்லை, கேட்டைப் பிராண்டவில்லை, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறியது. காதறுந்தான் முதலில் எழுந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக எழுந்து வேலிப் பக்கம் நடந்தன. உள்ளே கட்டிக்கிடந்த மணி சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகியது.

அவர் போனை எடுத்தார்.

“அம்மணி, ஆடெல்லாம் எங்க?”

“பட்டியிலதானுங்க.”

“ஊட்டுக்குள்ள ஓட்டிக் கதவச் சாத்திப்போடு. சீக்கிரம்.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. போனை அணைக்காமலே ஓடினாள். ஆடுகள் கத்துவதும், ஒரு தகரம் விழுவதும், கதவு மோதிச் சாத்துவதும் அவர் காதில் விழுந்தன.

அடுத்து ரியாஸைக் கூப்பிட்டு வாளியைக் கொண்டுவரச் சொன்னார்.

“கொண்டாந்து தாறேனுங்கண்ணா. ஆனா நான் போடமாட்டேன். கோவிச்சுக்காதீங்க. என்ற மொகத்த ஒருக்காப் பாத்து வெச்சுக்கிச்சுன்னா, நாளைக்குக் கடைவாசல்ல வந்து நிக்கும். எனக்குச் சின்னக் கொழந்தை இருக்குதுங்க.”

சொன்னபடியே வந்தான். கேட்டுக்கு எட்டத்தில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, இன்ஜினை அணைக்காத வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

கோவிந்தராஜுலு கோலை ஊன்றிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, கேட்டைத் தாண்டி வாளி வரை வந்தார். மூடியைத் திறந்ததுமே வேலிப் பக்கமிருந்து புதர் அசைந்தது. நாய்கள் ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டன. முட்டியில் ஈர மூக்குகள் உரசின. கை கொள்ளுமட்டும் அள்ளித் தூரத்தில் வீசினார். அவை விலகி ஓடியதும் கேட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றார். எலும்பு நொறுங்கும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. சின்னாத்தாள். அவள் பேச்சுக்குப் பின்னால் ஆடுகள் செருமிக்கொண்டிருந்தன.

“அங்க வந்துருச்சுங்களாண்ணா எல்லாம்?”

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெள்ளச்சி இருந்தது. அதன் குட்டிகள், இப்போது வளர்ந்துவிட்டவை, இருந்தன. காது வெட்டுப்பட்டவை இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“காதறுந்தானக் காணோம் அம்மணி.”

அந்தப் பக்கம் தாழ்ப்பாளை மறுபடி இறுக்கித் தள்ளும் சத்தம் கேட்டது.

“செரிங்க” என்றாள் மெதுவாக. “அப்ப நான் கதவத் தொறக்கலீங்க.”