மஞ்சள் அட்டை

ஒன்பது வயதில் என் அம்மாவை நான் ஒரு மாதம் திருடி வைத்துக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது, வம்பே அதுதான்.

அஜ்மானில் எங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு. அப்பாவுக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஏசி டெக்னீஷியன் வேலை. அம்மா நர்ஸ். அவளுக்கு டூட்டி இரண்டு இடத்தில்: ஒன்று பக்கத்து ஆஸ்பத்திரியில், மற்றது உகாண்டாவில்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த ஓர் உகாண்டாக்காரிதான் அதற்குக் காரணம். அம்மாவின் உயிர்த்தோழி. நான் அவளை ஆன்ட்டி என்பேன். வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைக்கு உலகத்தில் பாதிப் பேர் ஆன்ட்டி, மீதிப் பேர் அங்கிள். அந்த ஆன்ட்டியின் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இல்லை. ஒரு லீவுக்கு அம்மா அவளோடு போய்ப் பார்த்தாள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கிளினிக் ஆகியிருந்தது. அங்கிருந்த ஒரு வாத்தியாரிடம் சாவி. புண்ணுக்கு மருந்து போட, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்க அவருக்கு அம்மா கற்றுக் கொடுத்திருந்தாள். மற்றதெல்லாம் போனில். வருடத்துக்கு ஒருமுறை அம்மாவே நேரில் போய் ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பாள். யாரை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் இப்படி. அம்மா தட்டில் சோறு போடுவாள், போன் டிங் என்னும். திறந்தால் ஒரு குழந்தையின் சீழ் பிடித்த காது. அம்மா ஒரு வாய் சாப்பிடுவாள், எழுந்து நின்று போனில் கத்துவாள், பால்கனிக்குப் போவாள், வருவாள், சோறு காய்ந்திருக்கும். அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. "காலுல சக்கரம் கட்டிட்டாக்கும் ஒனக்க அம்மா பெறந்தா" என்பார் அப்பா.

என் பிரச்சினை வேறு. எனக்கு இன்னும் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குவது, ஆகவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஷார்ஜா கோயிலிலேயே வாங்கி முடித்துவிட்டார்கள். எனக்கோ கடற்கரையில் எங்கள் ஊர்க் கோயிலில்தான் என்று அப்பா வீட்டார் பிடிவாதம். அதற்கு அம்மா வர வேண்டும். அம்மாவுக்கோ ஒரே ஒரு மாதம் லீவு, அது உகாண்டாவுக்கு. "அடுத்த வருசம் கண்டிப்பா மக்கா" என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. வாங்கி வைத்த வெள்ளை கவுன் முழங்காலுக்கு ஏறியது. அலமாரியைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் அம்மா கிளம்பும் நாளும் வந்தது. முன்னறையில் நான்கு அட்டைப்பெட்டிகள். பூச்சி மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பஞ்சு, பிரஷர் பார்க்கும் மெஷின். ஒவ்வொரு பெட்டியின் காலாவதித் தேதியையும் வாசித்துச் சொன்னது நான்தான். ஒரு பெட்டி விடாமல் சரியாகச் சொன்னேன், ஏனென்றால் நான் நல்ல பிள்ளை. அம்மா ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நிற்பாள், தன் எடையைக் கழித்துக்கொள்வாள், அப்பா டேப் ஒட்டிக் கயிறு கட்டி மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயர் எழுதுவார்.

பாஸ்போர்ட்டுக்குள் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட சான்று. "இது இல்லேன்னா பிளைட்டுலயே ஏத்த மாட்டான்" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். திரும்ப ஊசி போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லுமாம். அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் புத்தி அதன் மேல் போகாது?

அம்மா குளிக்கப் போனாள். அப்பா கீழே கடைக்கு டேப் வாங்கப் போயிருந்தார். நான் அட்டையை எடுத்துச் சுருட்டி, தலையிலிருந்த ஸ்ட்ராபெர்ரி ரப்பர் பேண்டைக் கழற்றிச் சுற்றி, கடைசிப் பெட்டியில் பூச்சி மாத்திரைகளுக்கு அடியில் செருகினேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள், அதனால் அந்த இடம். அரை மணி நேரத்தில் அப்பா அந்தப் பெட்டிக்குக் கயிறு கட்டினார். முடிச்சுப் போடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் ஆன்ட்டி புதுக் கூந்தல் பின்னிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். ஊரில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, மக்கள் தூரத்திலிருந்தெல்லாம் நடந்து வரப்போகிறார்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். பெட்டிகள் பெல்ட்டில் ஏறின. அப்போதுதான் கவுன்டர்க்காரர் மஞ்சள் அட்டையைக் கேட்டார்.

அம்மா பையைத் தரையில் கவிழ்த்தாள். வளையல், ஜெபமாலை, பேனா, பிஸ்கட் எல்லாம் உருண்டன.

"நல்லா பாருட்டி, வீட்டுல வச்சிருப்ப" என்றார் அப்பா.

"இல்ல, எனக்க கையால வச்சேன். காலையில கூட பாத்தேன்."

எங்கள் கடைசிப் பெட்டி பெல்ட்டில் இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு காலில் நின்றேன், மறு காலில் நின்றேன். "அப்பா, எனக்கு டாய்லெட் போகணும்" என்றேன். அந்த நெருக்கடியிலும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், பாவம். திரும்பி வந்தபோது பெட்டி போய்விட்டிருந்தது.

ஊசி போட்டது சென்னையில், உடனே நகல் வாங்க வழியில்லை. பத்து நாள் கழித்துப் போக இன்னொரு டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. ஆன்ட்டி பெட்டிகளோடு தனியாகப் போனாள். போகும்போது நான்கு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மாத லீவு, அம்மா வீட்டில்! இனி ஊருக்கு டிக்கெட் போடுவார்கள் என்று நான் கவுனை அயர்ன் செய்யச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா வீட்டுக்குள் நடந்தாள். அடுக்களைக்கும் பால்கனிக்கும், பால்கனிக்கும் அடுக்களைக்கும்.

மூன்றாம் நாள் ஆன்ட்டியிடமிருந்து போட்டோக்கள் வந்தன. பள்ளிக்கூடத்து மரத்தடியில் வரிசை. முதுகில் குழந்தை கட்டிய பெண்கள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு சிறுமி. நர்ஸ் வருவாள் என்று நம்பி வந்தவர்கள். துடைப்பம் பிடித்த ஆன்ட்டி அவர்களுக்கு என்ன செய்வாள்? அடுத்த போட்டோவில் பிரித்த பெட்டி, பூச்சி மாத்திரைகள், அவற்றின் மேல் சுருட்டிய மஞ்சள் அட்டை. அதைச் சுற்றி என் ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் ஸ்ட்ராபெர்ரியோடு.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள். அப்புறம் என் தலையைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஆன்ட்டி. "சிஸ்டர், யூ பேக் திஸ் பாக்ஸ். யுவர் ஹேண்ட். யூ நோ வாண்ட் கம், டெல் மீ. ஒய் ஹைட்? பீப்பிள் ஆர் கிரையிங் ஹியர், சிஸ்டர்."

அம்மா வாயைத் திறந்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "ஸாரி. மை மிஸ்டேக். ஐ ஆம் ஸாரி" என்றாள். அவ்வளவுதான். ஆன்ட்டி போனை வைத்துவிட்டாள்.

அப்பா கேட்டதற்கும், "நான்தான் தெரியாம உள்ள வச்சிற்றேன்" என்றாள். அப்பாடா, நான் தப்பித்தேன். அம்மா எவ்வளவு மக்கு என்றுகூட நினைத்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ஆன்ட்டி திரும்பி வந்தபின் வேறு மாடிக்கு டூட்டி மாற்றிக்கொண்டாள். அம்மா இரண்டு முறை அவள் ரூமுக்குப் போனாள். இரண்டு முறையும் போன வேகத்தில் வந்தாள். வாத்தியாரின் போன் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று ஆகி நின்றது. அந்த வகுப்பறையில் இப்போது சோள மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. எப்படியும் அது ரொம்ப நாள் ஓடியிருக்காது என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனோம், புதுநன்மை ஆயிற்று, புது கவுன், பிரியாணி எல்லாம். ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன். அஜ்மானுக்குத் திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் மேசையில் சும்மா கிடந்தது. அம்மா ஒருமுறைகூட எழுந்திருக்காமல், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சாப்பிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்கப்பா, இப்பதான் அம்மா ஹேப்பியா உக்காந்து சாப்பிடுறாங்க" என்றேன்.

அம்மா தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து, முள் பார்த்து, என் தட்டில் வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.