எண்ணெய் மில்காரர் காரும் அக்காவின் கண்ணாடிக் குழாயும்

அறுபதுகளில் எங்கள் நைனா செஞ்சியில் ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். அக்கா சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பெட்ரோலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. லீவுக்கு வந்தால்கூட அவள் பெட்டியில் புடவையைவிடக் கண்ணாடிச் சாமான்தான் அதிகம் இருக்கும்.

ஒருமுறை அவள் வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. எங்களிடம் பெட்ரோல் வாங்கிய எண்ணெய் மில்காரரின் கார் அவலூர்பேட்டை ரோட்டில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கார்புரேட்டர் பிசுபிசுவென்று இருந்ததாம். நைனா பெட்ரோலில் எண்ணெய் கலக்கிறார் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம பெட்ரோல் சுத்தம்னு நீயே அவர்கிட்ட சொல்லிடும்மா" என்றார்.

"பாக்காம எப்படி நைனா சொல்றது?" என்றாள் அக்கா.

மில்காரரையே வரவழைத்து, அவர் கண்ணெதிரே கார் டாங்கிலிருந்து ஒரு புட்டி, எங்கள் பங்கிலிருந்து ஒரு புட்டி பிடித்தாள். வீட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாள். நீளமான கண்ணாடிக் குழாயில் வெள்ளைப் பொடியை அடைத்து, கார் பெட்ரோலை மேலே விட்டாள். பெட்ரோல் பொடி வழியாக இறங்கிவிடும், எண்ணெய் மேலேயே ஒட்டிக்கொள்ளும் என்றாள். பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது; அவளுக்கு அவசரமே கிடையாது. அந்த நிதானத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எல்லாம் இறங்கியதும் ஸ்பிரிட் விட்டு, ஒட்டியதைக் கழுவிக் கிண்ணத்தில் பிடித்து ஆவியாக விட்டாள். அடியில் கொஞ்சம் எண்ணெய் நின்றது.

நைனா முகம் வெளுத்துவிட்டது. மில்காரர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"மல்லாட்டை எண்ணெய்" என்றார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. "எங்க மில்லு எண்ணெ டின்னுலதான் டிரைவர் பெட்ரோல் வாங்கியாந்தான்."

நைனாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் ஜைனர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும்.

"இருங்க, எங்க நைனா புட்டிய இன்னும் பாக்கலையே" என்றாள் அக்கா.

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. ஜெயித்த கேஸை எதற்குத் திரும்பக் கிளற வேண்டும்? மில்காரர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் பட்டினிதான்.

புதுப் பொடி, அதே நிதானம். கிண்ணத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

"ஒருவேள இருந்திருந்தா?" என்று கேட்டார் நைனா.

"இருக்குதுன்னு சொல்லியிருப்பேன்."

தன் பெட்ரோல் சுத்தம் என்று நைனா அப்புறம் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. "எம் பொண்ணு என்னையே காட்டிக் குடுத்திருப்பா" என்றுதான் பங்குக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.