குறை கண்ணில் இல்லை, கார்டில்

எனக்குக் கண்ணாடி போட்ட கதையை எங்கள் வீட்டில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா, கல்யாணமாகாதவர், ஸ்ரீவராகத்தில் எங்களோடு இருந்தார். போனஸ் வந்த மாதம், அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் மூலம் ஒரு கிராபிக்ஸ் கார்டு தருவித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்தினார். தோசைத்திருப்பி நீளம் இருக்கும். அதற்கென்றே ஒரு விசிறி. ஓடினால் அடுக்களை வரை கேட்கும். கார்ப்பந்தய விளையாட்டில் மழை பெய்தால், ரோட்டில் தேங்கிய தண்ணீரில் என் காரின் சிவப்பு விளக்கு நெளியும். மரத்தடியில் போனால் காரின் மேல் இலை நிழல் ஓடும். எத்தனை வேகத்திலும் படம் திக்காது. தெருப் பையன்கள் மொத்தமும் எங்கள் கூடத்தில்தான்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் தண்ணீரில் விளக்கைக் காணோம். சாம்பல் பூசிய ரோடு. நிழல் இல்லை. வளைவில் கார் நொண்டியது. விசிறிச் சத்தமும் இல்லை.

"கார்டை மாத்திட்டேள்," என்றேன்.

"அதே கார்டுதான்டா. சூடு கேறினா இப்படித்தான்," என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமல். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தால் வாரண்டி போய்விடுமாம்.

அம்மா ஒரேயடியாக, "நாள் பூரா அதையே உத்துப் பாத்தா கண்ணு என்னத்துக்காகும்?" என்று என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அநியாயத்தைக் கேளுங்கள், கண்ணில் நிஜமாகவே குறை இருந்தது. வீடே ஜெயித்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு விளையாடினேன். நிழல் இல்லாதது முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பத்து வயதுக்காரன் சொல் கூடத்தைக்கூடத் தாண்டாது.

சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் பாட்டுக்குத் தினமும் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கழக்கூட்டம் பஸ் பிடிக்கக் கிளம்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியில் சமரம், அதாவது ஸ்டிரைக். பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அட்டை சட்டைப் பைக்குள் கிடந்தது. கழக்கூட்டம் பஸ் இரண்டு போயின, அவர் எழுந்திருக்கவில்லை. அடப்பாவி, ஆபீசுக்கு மட்டம் போடுகிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று துள்ளியது மனது.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்காரும் வரை காத்திருந்து அப்பாவிடம் சொன்னேன்.

"சித்தப்பா ஆபீசுக்கே போறதில்லே. பஸ் ஸ்டாண்டுல வெறுதே உக்காந்திருக்கார். கண்ணாடி போட்டுண்டுதான் பாத்தேன்."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துச் சித்தப்பா பக்கம் திரும்பினார். "எத்தனை நாளாடா?"

"ரெண்டு மாசமாச்சு அண்ணா. எங்க டீமையே வேலையிலேருந்து நிறுத்திட்டா."

"அப்போ ஒண்ணாந்தேதி குடுத்த சம்பளம் ஏது?" என்றாள் அம்மா.

சித்தப்பா பிசைந்த சாதத்தை அப்படியே விட்டுக் கைகழுவப் போனார். என்னை ஒருவரும் பாராட்டவில்லை. ஆளாளுக்குச் சம்பளத்தைப் பற்றியே பேசுகிறார்கள், என் கார்டு எங்கே போயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.