பதிலளித்தவர் எண் ஏழு

சாதியையும் பாலினத்தையும் பற்றி எம்.ஏ. படிக்க வங்கியில் நாலு லட்சம் கடன் வாங்கினேன். படிப்பு இரண்டு வருஷத்தில் முடிந்தது. கடன் முடிய இன்னும் ஏழு வருஷம் ஆகும். மாதத் தவணை ஆறாயிரத்து எழுநூறு. தவணை தொடங்கியபோது எனக்கு வேலை இல்லை, அதனால் அம்மா கட்டினாள்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா வாசலில் கடை போடுவாள், சுண்டலும் சுக்குக் காப்பியும். மற்ற நாட்களில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போவாள். வந்ததை எண்ணி அப்பாவிடம் கொடுப்பாள், அவர் வங்கியில் கட்டிவிட்டு வருவார். கடனில் என்னோடு கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. அது சில வருஷமாகப் போட்ட பணத்தையே திருப்பித் தரவில்லை.

போன வருஷம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வேலை வந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷன், பத்தாயிரம். வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் போதும், எம்.ஏ. தேவையில்லை. இன்னொன்று சென்னையில், பெண்களுக்கான ஒரு அமைப்பில், நான் படித்த படிப்புக்கே உரிய வேலை, பதினெட்டாயிரம். ஹாஸ்டலுக்கு ஒன்பது, சாப்பாடு பஸ்ஸுக்கு மூன்று என்று கழித்தால் மீதி ஆறாயிரம். தவணைக்கு எழுநூறு துண்டு விழுந்தது. படிக்காமல் கிடைத்த வேலையில் மாதம் மூவாயிரத்து முந்நூறு மிஞ்சியது. இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

எழுநூறை நான் தருகிறேன் என்றாள் அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டும் அவள் சுண்டல் காசில் கை வைப்பதென்றால் எனக்குப் பொறுக்காது. காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். குறைத்தால் சென்னை, இல்லாவிட்டால் விடுதி என்று முடிவு செய்திருந்தேன்.

மேலாளர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நீட்டலாம், ஆனால் அப்பாவின் வருமானம் போதாது, வீட்டில் சம்பாதிக்கிற வேறு யாரையாவது காட்ட வேண்டும் என்றார். அம்மாவைக் காட்டினேன். அவர் என் பழைய விண்ணப்பத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். தாயின் தொழில்: இல்லத்தரசி. வருமானம்: இல்லை. கையெழுத்து என்னுடையது.

பையிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்தேன். இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்தேன். கிரிவலப் பாதையில் கடை போடும் பெண்களின் கணக்கில் வராத உழைப்பைப் பற்றியது அது. அம்மாவின் பதினான்கு பௌர்ணமி வரவு செலவு அதில் அட்டவணையாக இருக்கிறது. அவளுடைய வருமானத்துக்கு உலகத்தில் வேறு ஆதாரம் கிடையாது.

மேலாளர் பொறுமையாகப் புரட்டினார். "இதுல உங்கம்மா யாரு?"

"பதிலளித்தவர் எண் ஏழு."

"பேரு போடலையே?"

"பேரை மறைக்கணும் சார். ஆராய்ச்சி விதி."

நன்றாக எழுதியிருக்கிறேன் என்று பாராட்டினார். இதை வைத்துக்கொண்டு தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்தாள். பாதி தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"என் பேரை ஏன் போடல?"

"உன் பாதுகாப்புக்குத்தாம்மா."

"யார்கிட்டேர்ந்து?"

இதற்கு ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரியும் அவளிடம் சொல்லும்படி இல்லை.

"பேங்க் பேப்பர்ல வருமானம் இல்லைன்னு எழுதினியே, அதுவும் பாதுகாப்புக்கா?"

"பழக்கத்துல எழுதிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடன் வாங்கிப் படித்ததே, வீட்டுப் பெண்கள் செய்வதை வேலை என்று எழுதக் கற்றுக்கொள்ளத்தான்.

இறங்கும் முன் அவளே முடிவு சொன்னாள். "நீ மெட்ராஸுக்குப் போ. எழுநூறு நான் கட்டறேன். இனிமே உங்கப்பா கையில குடுத்தனுப்ப மாட்டேன். நானே போய் கட்டறேன்."

இந்த முறை நான் மறுக்கவில்லை. மறுக்கிற இடத்தில் நான் இல்லை.

சென்னைக்கு வந்து முதல் பௌர்ணமிக்கு மறுநாள் மத்தியானம், ஆபீஸில் இருந்தபோது அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பணம் கட்டிய சீட்டின் பாதி, வங்கி முத்திரையோடு. தொகை எழுநூறு. கட்டியவர் என்ற இடத்தில் அம்மா தன் முழுப்பெயரை, எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில், அழுத்தி எழுதியிருந்தாள். தொழிலைக் கேட்கிற கட்டம் அந்தச் சீட்டில் கிடையாது. பெயருக்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி எழுதியிருந்தாள்.

சுண்டல் கடை.