சிவசாமி எடுத்த துக்க லீவு

சிவசாமியை நல்லவன் என்றுதான் எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டில் எல்லாரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் லீவுக்காக அவன் சொன்ன அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவனைப் பெற்றவள் எஸ்டேட்டில் பிரசவத்தோடு போய்விட்டாள். வளர்த்தது அவள் தங்கை ராமாத்தாள். வேலைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட மனம் வராமல் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். அவனுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அவன் வளர்ந்து, சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக்காரரிடம் குழாய் பொருத்தும் வேலைக்குப் போய், மோகனாவைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ராமாத்தாளைச் "சின்னம்மா" என்றே கூப்பிட்டான். முறை அதுதானே, யாரும் அதில் குறை காணவில்லை.

மோகனாவுக்கு ஒரே ஓர் ஆசை. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஏதோ ஒரு தேசத்து ஏரி, அதன் பின்னால் பனி மூடிய மலை. வருஷம் முடிந்தும் அந்தப் படத்தை மட்டும் வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். "அவ்ளோ தூரம் வேணாம்லா. கேமரன் மலைக்காச்சும் கூட்டிட்டுப் போங்க," என்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனும் தலையாட்டுவான்.

தொண்ணூற்றைந்தில் ஒரு பழைய டட்சன் கார் வாங்கினான். லீவு கேட்டால் ஆபீசில் முடியாது என்றார்கள். மறுபடி கேட்டான், மறுபடியும் முடியாது. அம்மா, அப்பா செத்தால் மட்டும் கேள்வி இல்லாமல் மூன்று நாள் கொடுப்பார்கள். வீட்டிலோ மோகனா பையெல்லாம் கட்டிவைத்துவிட்டாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? நேரே சூப்பர்வைசர் காளிமுத்துவிடம் போய், "அண்ணே, எங்கம்மா தவறிட்டாங்க," என்றான். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும் வர வேணாம்ணே, தூரத்து எஸ்டேட்டு," என்று வேறு சேர்த்துக்கொண்டான், படுபாவி! கல்யாணத்துக்கு வராவிட்டாலும் சாவுக்கு வராமல் இருப்பார்களா நம் ஆட்கள்?

மோகனாவிடம் லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். புறப்படும்போது ராமாத்தாள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "பாத்து ஓட்டுடா. பனியா இருக்கும், காதக் கட்டிக்க," என்று புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு மலை ஏறியதும் வளைவுக்குமேல் வளைவு. மோகனாவுக்கு வாந்தி. ஆனாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இங்க பாருங்க, மேகம் நமக்குக் கீழ போகுது!" என்று கத்தினாளாம். ரிங்லெட் ஏரிக்கரையில் அவளை நிறுத்திப் படம் எடுத்தான். "பனி இல்லாட்டி என்ன, ஏரி ஏரிதாங்க," என்று அவள் சிரிக்க, அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன வாய் பலித்துவிட்டால்? அந்த நினைப்பு அவனோடு மலை உச்சிவரை ஏறியது. மேலே தானா ராத்தா டவுனில் பொதுப் போன் கண்ணில் பட்டதும் எங்கள் வீட்டுக்கு அடித்தான்.

"அக்கா, சின்னம்மா என்ன செய்றாங்க?"

"புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறாங்கடா."

விடிந்ததும் மறுபடி போன். "என்னடா, பொண்டாட்டியோட போயிட்டு சின்னம்மா நெனப்பாவே இருக்க?" என்று நான்கூடக் கேலி செய்தேன். எனக்கு என்ன தெரியும்?

அன்றைக்கே மலை இறங்கி ஈப்போ பக்கம் போனார்கள். சுண்ணாம்பு மலைக் குகைக்குள் சின்னதாக ஒரு முருகன் கோயில். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, உள்ளே விளக்கு எரிகிறது. மோகனா அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து எல்லார் பேரும் சொன்னாள். கடைசியில், "அத்தை பேரும் சேத்துக்குங்க, ராமாத்தாள். நட்சத்திரம் என்னங்க?" என்று இவன் பக்கம் திரும்பினாள். ஆயுசு கேட்டுப் பேர் சொல்லும் இடத்தில், செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொன்ன வாயோடு நிற்கிறான். விறுவிறுவென்று குகையைவிட்டு வெளியே போய்விட்டான். பின்னாலேயே ஓடிவந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அடப் பாவி மனுசா! சோறு ஊட்டுன மகராசிக்கு வாய்க்கரிசி போட்டுட்டா என்னைய இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "என் ஆசயில மண்ணு விழ," என்று தன்னையே வைதுகொண்டு வழியெல்லாம் அழுதாள். டட்சன் வேறெங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது.

அதற்குள் இங்கே வேன் வந்து போயிருந்தது. காளிமுத்துவும் கூட வேலை செய்கிறவர்களும் எப்படியோ விலாசம் விசாரித்து வந்துவிட்டார்கள், கையில் பெரிய ரோஜா மாலை. ராமாத்தாள் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் வாசலில்.

"சிவசாமி வீடு இதானே ஆயா? அவங்கம்மா தவறிட்டாங்கன்னு..."

அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. அப்புறம், "ஆமாப்பா. எடுத்தாச்சு. நான் அவ தங்கச்சி," என்றாள். உட்காரவைத்துக் காப்பி கலந்து கொடுத்தாள். தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தன் கையாலேயே! அவன் வேலையைக் காப்பாற்ற முந்தானையால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

சிவசாமி உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் கிடந்த மாலையைப் பார்த்தான். தடாலென்று ராமாத்தாள் காலில் விழுந்தான். நானும் அவர்கள் வாசலில்தான் நின்றேன்.

"எந்திரிடா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னியாமே. பெத்தவளச் சொன்னியா, என்னையச் சொன்னியா?"

தப்பிக்க அதுதான் வழி. பெற்றவளைச் சொன்னேன் என்றால் போதும், அவள் என்றைக்கோ போய்ச் சேர்ந்தவள், பாவமும் பாதியாகும். சொல்லித் தொலையேன்டா என்று நானே மனசுக்குள் சொன்னேன்.

"ஒன்னத்தான்," என்றான்.

ராமாத்தாள், "இத்தன வருசத்துல இப்பத்தாண்டா என்னைய அம்மான்னு சொல்லியிருக்க," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். சோறு சுடவைக்க எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவன் சின்னம்மா என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அம்மா என்று கூப்பிட வாயெடுத்தால், காளிமுத்துவிடம் சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கிறது என்று என்னிடம் அழுதான். இப்போதும் ஏதாவது வேண்டுமென்றால் அடுப்படி வாசலில் வந்து நின்று கனைக்கிறான். அவளும் அடுப்பைப் பார்த்தபடியே காத்துக்கொண்டு நிற்கிறாள்.